ஒப்பித்தல்: பழைய யேல் கல்லூரியில் யாருடைய குரல் கேட்டது?

குளிர்காலம். விடிவதற்கு இன்னும் வெகுநேரம் இருக்கிறது. அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில், செங்கல் கட்டடங்கள் ஒரே வரிசையில் நிற்கும் யேல் கல்லூரி வளாகத்தில் மணி அடிக்கிறது. பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் கனத்த மேலங்கியை அவசரமாக மாட்டிக்கொண்டு வழிபாட்டுக் கூடத்துக்கு ஓடுகிறார்கள். வழிபாடு முடிந்தவுடன் காலை உணவு இல்லை. அதற்கு முன் ஒரு பாடம் ஒப்பித்தாக வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் அமர்ந்திருக்கும் டியூட்டர் ஒரு பெட்டியிலிருந்து சீட்டு எடுத்துப் பெயரை வாசிக்கிறார். அந்தப் பெயருக்குரியவன் எழுந்து நின்று, லிவியின் இலத்தீன் வரலாற்றிலிருந்து கொடுக்கப்பட்ட பகுதியை மொழிபெயர்த்துச் சொல்கிறான். வினைச்சொற்களின் காலத்தையும் இடத்தையும் வகுத்துக் காட்டுகிறான். சில நிமிடங்களில் அவன் உட்காரலாம் என்று சொல்லப்படுகிறது. டியூட்டர் தம் ஏட்டில் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். அது என்ன எண் என்பது பையனுக்குத் தெரியாது. அடுத்த சீட்டு வெளியே வருகிறது.

1830களிலும் 1840களிலும் யேலில் படித்தவர்களின் நாள் ஏறத்தாழ இப்படித்தான் தொடங்கியது. முற்பகலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று ஒப்பித்தல் மீண்டும் வரும். மாலையில் மறுபடியும் வழிபாடு. இடைப்பட்ட நேரம் அறையில் படிப்பதற்கு. தண்ணீரைக் குழாயடியிலிருந்து அறைக்குச் சுமந்து போகவேண்டும். கணப்புக்கான விறகும் அப்படியே. கழிப்பறை கட்டடத்துக்கு வெளியே. இன்று நாம் 'வகுப்பு' என்று சொல்வதற்கு அங்கே வழங்கிய பெயரே ரெசிட்டேஷன், அதாவது ஒப்பித்தல். 'கிளாஸ்' என்ற சொல் ஒரே ஆண்டில் சேர்ந்து ஒரே ஆண்டில் வெளியேறும் மாணவர் தொகுதியை மட்டுமே குறித்தது. பெயரிடுதலில் உள்ள இந்த வேறுபாடு சிறியதன்று. ஆசிரியர் பேசி மாணவர் கேட்கும் இடமாக அக்கல்லூரி தன்னைக் கருதவில்லை. மாணவர் வாய்திறந்து சொல்ல, ஆசிரியர் கேட்டு அளக்கும் இடமாகவே கருதியது. விரிவுரைகள் இருந்தன, குறிப்பாக மேல் வகுப்புகளில்; வேதியியல் பேராசிரியர் பெஞ்சமின் சில்லிமனின் செய்முறை விளக்கங்களுக்குப் பெரும் பெயர் உண்டு. ஆனால் நான்காண்டுப் படிப்பின் முதுகெலும்பு குரல்தான். பாடத்தை ஒப்பித்தல், மேடையில் உரை நிகழ்த்தல், இரு பக்கமாகப் பிரிந்து வாதிடல், பட்டமளிப்பு நாளில் பொதுமக்கள் முன் சொற்பொழிவாற்றல் எனப் படிநிலைகள் அனைத்தும் வாய்மொழியாலானவை.

எனவே அந்தக் கல்லூரியில் யார் மாணவர் என்ற கேள்விக்கு விடை காண, யாருக்கு உரத்துப் பேச அனுமதி இருந்தது என்று கேட்பதே நேர்வழி.

தமிழ் வாசகர்களுக்கு யேல் என்றதும் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை நினைவுக்கு வரும். அங்கே 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலைஹு யேல், 1718-இல் ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 நூல்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் உருவப்படம் ஆகியவற்றை நன்கொடையாக அனுப்பினார். 1701-இல் தொடங்கப்பட்டிருந்த அந்தச் சிறு கல்லூரி நன்றிக்கடனாக அவர் பெயரைச் சூடிக்கொண்டது. கம்பெனியின் கிழக்கத்தியச் செல்வமும், சென்னைத் துறைமுகத்தின் வழியே நடந்த அடிமை வணிகமும் அப்பெயருக்குப் பின்னால் இருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் விரிவாகப் பேசிவிட்டன. இங்கே வேண்டியது இவ்வளவுதான்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அது நாட்டின் மிகப் பெரிய கல்லூரிகளில் ஒன்று, மற்றக் கல்லூரிகள் பல அதைப் பார்த்தே தம் பாடத்திட்டத்தை வகுத்துக்கொண்டன.

அந்தப் பாடத்திட்டத்தில் தேர்வுரிமை என்பது ஏறக்குறைய இல்லை. இலத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றை எல்லாரும் ஒரே வரிசையில் படித்தார்கள். இறுதியாண்டில் கல்லூரித் தலைவரே அறவியல் நடத்தினார். வழக்கொழிந்த மொழிகளைக் கைவிட்டால் என்ன என்ற கேள்வி 1827-இல் கல்லூரியின் ஆட்சிக்குழுவிலேயே எழுந்தது. அதற்கு விடையாகத் தலைவர் ஜெரமையா டேயும் பேராசிரியர் ஜேம்ஸ் கிங்ஸ்லியும் எழுதியதே 1828-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற யேல் அறிக்கை. மனத்தைப் பயிற்றுவது வேறு, மனத்தில் செய்திகளை நிரப்புவது வேறு. கல்லூரியின் முதற்பணி பயிற்றுவதே என்பது அதன் சாரம். நாள்தோறும் ஒப்பிப்பது ஞாபகச் சுமையன்று, உடற்பயிற்சி தசைக்குச் செய்வதை மனத்துக்குச் செய்வது என்பது அவர்கள் நம்பிக்கை. நியாயமான வாதம்தான். ஆனால் நாற்பது பையன்கள் அடைந்து கிடக்கும் அறையில், கல்லூரியை விட்டு இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகாத ஓர் இளைஞர் சீட்டெடுத்துப் பெயர் வாசிக்கும்போது அந்த வாதம் எந்த அளவுக்கு உயிரோடிருந்தது என்பதே ஐயம்.

டியூட்டர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட இளைஞர்கள். பாடத்தில் ஆழ்ந்த புலமை அவர்களிடம் எதிர்பார்க்கப்படவில்லை. பின்னாளில் வெப்ப இயக்கவியலின் அடித்தளத்தையே மாற்றியமைத்த ஜோசயா வில்லர்ட் கிப்ஸ், 1863-இல் யேலில் முனைவர் பட்டம் பெற்ற கையோடு டியூட்டராக அமர்த்தப்பட்டார். முதல் இரண்டாண்டுகள் அவர் கேட்டது இலத்தீன் பாடம். மூன்றாம் ஆண்டில்தான் இயற்பியல் கைக்கு வந்தது.

மதிப்பெண் முறை எளிமையானது. நான்கு முழுமை, சராசரி இரண்டுக்குக் கீழே இறங்கினால் வகுப்பில் நீடிப்பது கடினம். ஹார்வர்டில் அளவுகோல் வேறு: ஒப்பித்தலுக்கு எட்டுவரை கிடைக்கும், வழிபாட்டுக்கு வராமல் போனால் அதே கணக்கிலிருந்து கழிப்பார்கள். பக்தியும் பாடமும் ஒரே பேரேட்டில் வரவு செலவாயின. நடத்தைக்கும் கல்விக்கும் ஒரே மதிப்பெண் போடும் இந்த வழக்கம் நம் கல்லூரிகளின் வருகைப் பதிவேட்டு அரசியலை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது.

ஒரு குரலின் சில நிமிடங்கள் இவ்வளவு கனம் பெறும்போது, அந்த நிமிடங்களுக்கென்று ஒரு தனிச் சொல்லகராதி உருவாவது இயல்பு. ஹார்வர்டில் 1851-இல் படிப்பை முடித்த பெஞ்சமின் ஹோமர் ஹால் என்ற இளைஞர் அதே ஆண்டில் பெயர் குறிப்பிடாமல் ஒரு நூலை வெளியிட்டார்: அமெரிக்கக் கல்லூரிகளில் வழங்கும் சொற்களையும் வழக்கங்களையும் அகரவரிசையில் தொகுத்த நூல் அது. 1856-இல் விரிவாக்கப்பட்ட பதிப்பும் வந்தது. மாணவர் வழக்குமொழியைத் திரட்டிய இத்தகைய தொகுப்பு சமூக மொழியியல் என்ற துறை பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முந்தையது என்பது கவனிக்கத்தக்கது.

அந்த அகராதியில் மிகச் செழிப்பான பகுதி எது என்று பார்த்தால் தோல்வியைக் குறிக்கும் பகுதிதான். யேலில் தடையின்றிக் கொட்டித் தீர்ப்பதற்கு 'ரஷ்' என்று பெயர். எழுந்து நின்று, தயங்கி, பாதியில் குரல் தேய்ந்துபோவது 'ஃபிஸில்'. ஒன்றும் தெரியாமல் விழுவது 'ஃப்ளங்க்'. இச்சொல் 1823-இலேயே யேல் மாணவர் ஏடொன்றில் அச்சேறிவிட்டது. இன்று ஆங்கிலம் பேசும் உலகம் முழுவதும் வழங்கும் இச்சொற்கள், ஈரம் காயாத குளிர் அறையில் எழுந்து நின்ற பையன்களின் வாயில் புழங்கித் தேர்ந்தவை. தோல்விக்கே இரண்டு தரம் பிரித்துப் பெயரிட்டிருப்பது தற்செயலன்று. முழுதாக விழுவதற்கும் பாதியில் நிற்பதற்கும் டியூட்டரின் ஏட்டில் வேறு வேறு எண்கள் இருந்தன. பழஞ்செவ்விலக்கியங்களின் அச்சிட்ட மொழிபெயர்ப்புக்கு 'போனி', அதாவது மட்டக் குதிரை என்று பெயர். ஏறி உட்கார்ந்தால் நடக்காமலே ஊர் போய்ச் சேரலாம். ஆசிரியரைக் காக்கா பிடிப்பவனுக்கு அங்கே காலணியை நக்குபவன் என்று பெயர். விடாமல் படிப்பவன் 'டிக்', தோண்டுபவன். இறைச்சலாய்க் கேட்கும் இந்தச் சொற்களுக்குள் கறாரான ஒரு வகைப்பாடு இருக்கிறது.

யேலில் 1854 முதல் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த வில்லியம் டுவைட் விட்னி, மொழி என்பது ஒரு சமூக நிறுவனம், பேசுவோரின் வழக்கமே அதன் உயிர் என்று பின்னாளில் வாதிட்டார். சொசூர் அவரை மதிப்புடன் குறிப்பிட்டார். விட்னியின் கோட்பாட்டுக்கு அவர் கல்லூரி வளாகமே நல்ல எடுத்துக்காட்டாக இருந்தது எனலாம். மேலிருந்து இலத்தீனைக் கற்பித்துக்கொண்டிருந்த நிறுவனத்துக்குள், கீழிருந்து ஒரு வழக்கு தானாக வளர்ந்தது.

குரலின் மீதான கட்டுப்பாட்டை மாணவர்கள் எப்போதும் பணிந்து ஏற்றார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. 1828-இல் பொது உணவுக்கூடத்தின் சாப்பாடு சகிக்கவில்லை என்று அதைப் புறக்கணித்தார்கள். அதைவிட விசித்திரமானது 1830-ஆம் ஆண்டின் கலகம். அதுவரை கூம்பு வளைவுகள் பற்றிய பாடத்தை, புத்தகத்தில் உள்ள வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ஒப்பிக்கலாம். அந்த ஆண்டு, வரைபடத்தை நினைவிலிருந்து கரும்பலகையில் தாமே வரைந்து விளக்கவேண்டும் என்று ஆசிரியர்கள் கட்டளையிட்டார்கள். இரண்டாமாண்டு மாணவர்களில் பெரும்பகுதியினர் மறுத்துவிட்டார்கள். கல்லூரி அசையவில்லை, நாற்பதுக்கு மேற்பட்டவர்களை ஒரேயடியாக வெளியேற்றியது. அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று மற்றக் கல்லூரிகளுக்கும் பெயர்கள் அனுப்பப்பட்டன. துணைக் குடியரசுத் தலைவர் ஜான் கால்ஹூனின் மகனும் வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர். மற்றொருவரான ஆல்ஃபிரட் ஸ்டில்லே பிலடெல்பியாவுக்குப் போய் மருத்துவம் படித்து, பின்னாளில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைவரானார்.

கரும்பலகைக்கு எதிரான கலகம் என்று சொன்னால் இன்று சிரிப்பு வரும். ஆனால் ஒப்பித்தலின் உள்ளியல்பை நோக்கினால் அந்தப் பையன்களின் கோபம் விளங்குகிறது. வாய்ச்சொல் காற்றில் கரைந்துவிடும். தடுமாற்றத்தைக் குரலின் ஏற்ற இறக்கத்தில் மறைக்கலாம். பலகையில் தவறாக வரைந்த பரவளையமோ நாற்பது பேர் கண்ணெதிரே அப்படியே நிற்கும்.

டியூட்டர்களின் சன்னல்கள் கல்லெறிக்கு ஆளாவது வாடிக்கை. விளையாட்டு எப்போதும் விளையாட்டாகவே முடியவில்லை. 1843-இல், இரவில் கலவரம் செய்த இரண்டாமாண்டு மாணவர்களில் ஒருவனைப் பிடிக்க முயன்ற ஜான் டுவைட் என்ற இளம் டியூட்டர் கத்திக்குத்துப் பட்டு, சில நாட்களில் இறந்தார். அக்காலக் கல்லூரி வாழ்வைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் பல, முதுமையின் இனிப்புப் பூச்சோடு எழுதப்பட்டவை. அவற்றை வாசிக்கும்போது இந்த மரணத்தையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி யூக்ளிடின் சவ அடக்கம். வடிவியல் பாடம் முடிந்ததும் இரண்டாமாண்டு மாணவர்கள் முகமூடி அணிந்து, தீப்பந்தம் ஏந்தி, இரவில் யூக்ளிடுக்கு இறுதிச் சடங்கு நடத்துவார்கள். இரங்கலுரையும் இரங்கற்பாவும் உண்டு. முதலில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் ஒவ்வொருவரும் புத்தகத்தைத் துளைப்பார்கள்: யூக்ளிடின் 'ஊடே சென்றாயிற்று'. அடுத்து அதை அவர்கள் தலைக்குமேல் பிடிப்பார்கள். அவர்கள் அதன் கீழே நிற்பார்கள். ஆங்கிலத்தில் 'அண்டர்' என்றால் கீழே, 'ஸ்டாண்ட்' என்றால் நிற்றல். இரண்டும் சேர்ந்தால் புரிந்துகொள்ளுதல். பிறகு நூலைத் தரையில் வைத்து அதன்மேல் நடந்து செல்வார்கள்; பாடத்தை 'மேலோட்டமாகப் பார்த்தாயிற்று' என்பதற்கும் அது பொருந்தும். கற்றல் என்பதற்கு ஆங்கிலம் வைத்திருந்த உருவகங்கள் அத்தனையையும் உடலால் நடித்துக் காட்டி, கல்வியின் சொல்லையே கேலிப்பொருளாக்கிய இந்தச் சடங்கு, ஒப்பித்தல் அறை வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த இடம். 1860களின் தொடக்கத்துக்குள் ஆசிரியர்கள் அதை ஒடுக்கிவிட்டார்கள்.

ஆனால் மாணவர் குரலின் மெய்யான இருப்பிடம் வேறு. 1753-இல் தோன்றிய லினோனியா, 1768-இல் தோன்றிய பிரதர்ஸ் இன் யூனிட்டி என்ற இரு இலக்கிய மன்றங்களும், 1819 முதல் தென்மாநில மாணவர்கள் பெரும்பாலும் சேர்ந்த கலியோபியனும் மாணவர்களாலேயே நடத்தப்பட்டவை. வாரந்தோறும் விவாதம். அடிமைமுறை, மாநில உரிமை, ஐரோப்பிய அரசியல் என்று வகுப்பறையில் நுழைய முடியாத பொருள்கள் எல்லாம் அங்கே பேசப்பட்டன. ஒவ்வொரு மன்றத்துக்கும் சொந்த நூலகம் இருந்தது. கல்லூரி நூலகம் கதவைச் சில மணிநேரமே திறந்து, முதலாண்டு மாணவர்களை அண்டவிடாமல் வைத்திருந்த காலத்தில், நாவல்களையும் கவிதைகளையும் நாளேடுகளையும் வாங்கி அடுக்கியவை இந்த நூலகங்கள்தாம். புதிதாகச் சேரும் மாணவர்களைத் தம் பக்கம் இழுக்க இரு பெரு மன்றங்களும் ஆண்டுதோறும் மேடையேறித் தத்தம் பெருமையை முழங்கும். அந்தச் சொற்போருக்கு 'உண்மைகளின் அறிக்கை' என்று பெயர். அதில் உண்மை எவ்வளவு இருந்தது என்று பழைய மாணவர்களே நகைத்திருக்கிறார்கள். பின்னாளில் இரகசியச் சங்கங்கள் மாணவர்களின் பற்றைக் கவர்ந்துகொண்டன, விவாதங்கள் தேய்ந்தன, 1870களின் தொடக்கத்தில் மன்ற நூலகங்கள் கல்லூரி நூலகத்தோடு கலந்தன.

அந்தக் கல்விமுறை கடல் கடந்தும் போயிற்று. 1809-இல் யேலில் பட்டம் பெற்ற பெஞ்சமின் மெய்க்ஸும், டார்ட்மத் கல்லூரியில் படித்த டேனியல் பூரும் 1816-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிகளில் இருவர். 1823-இல் பூர் தலைமையில் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் யூக்ளிடும் வானியலும் ஆங்கிலமும் தமிழ் இலக்கணத்தோடு சேர்ந்து கற்பிக்கப்பட்டன. சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். மனனமும் ஒப்பித்தலும் யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதியவையல்ல. நியூ இங்கிலாந்திலிருந்து வந்த ஆசிரியர்களுக்கும் நன்னூல் சூத்திரங்களை மனத்தில் தேக்கிய மாணவர்களுக்கும் அந்த ஒரு புள்ளியிலாவது இசைவு இருந்திருக்கும்.

மீண்டும் நியூ ஹேவனுக்கு. 1850-இல் சேர்ந்த முதலாண்டு மாணவர்களிடையே யுங் விங் இருந்தார். மக்காவுக்கு அருகிலிருந்த ஊரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் சீனர் என்று 1854-இல் அவர் பெயர் பதிவாயிற்று. மிஷனரியாவதாக வாக்களித்தால் பணம் தருகிறோம் என்ற உதவியை அவர் ஏற்கவில்லை. நாட்டுக்குத் தம் பயன் அதைவிட விரிவானது என்று கருதினார். ஜார்ஜியாவின் சவானா நகரப் பெண்கள் சங்கமொன்று பொருளுதவி செய்தது. மீதியைச் சம்பாதிக்க, மாணவர் உணவுக் குழு ஒன்றுக்குச் சந்தையில் காய்கறி வாங்கிவந்து, மேசையில் பரிமாறினார். பிரதர்ஸ் இன் யூனிட்டியின் நூலகப் பணியாளராக முப்பது டாலர் ஊதியமும் பெற்றார்.

இரண்டாமாண்டில் நுண்கணிதம் அவரைப் படாதபாடு படுத்தியது. வெளியேற்றப்பட்டு விடுவோமோ என்று அஞ்சினார். முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் அந்த நாட்களைச் சொல்ல அவர் கையாளும் சொற்கள் ஃபிஸிலும் ஃப்ளங்கும்தான். அதே ஆண்டில் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் இரு முறை முதற்பரிசு வென்று தப்பினார். வேறு மொழியில் பிறந்த ஒருவர் அந்தக் கல்லூரிக்குரியவர் ஆனதற்கு பட்டச் சான்றிதழைவிட, தம் தோல்வியை வளாகத்தின் கொச்சையிலேயே ஐம்பதாண்டு கழித்தும் நினைவுகூர்ந்தது வலுவான சான்றாகப் படுகிறது. பின்னர் அவர் முயற்சியால் 1872 முதல் 120 சீனச் சிறுவர்கள் நியூ இங்கிலாந்தில் படிக்க வந்தார்கள். 1881-இல் சீன அரசு அவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது.

யேல் தன் இளங்கலைக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்தது 1969-இல்தான். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்ணின் குரலைத் தேடுபவர் ஓஹியோவுக்குப் போகவேண்டும். அங்கே 1833-இல் நிறுவப்பட்ட ஓபர்லின், 1835-இல் கறுப்பினத்தவருக்கும், 1837-இல் பட்டப் படிப்புக்காகப் பெண்களுக்கும் கதவைத் திறந்தது. 1843-இல் அங்கே சேர்ந்த லூசி ஸ்டோன், மணிக்கு மூன்று சென்ட் கூலிக்கு வீட்டு வேலை செய்துகொண்டு படித்தார். கிரேக்கமும் இலத்தீனும் ஆண்களோடு சேர்ந்தே கற்றார். ஆனால் சொல்லாட்சி வகுப்பில் ஆண்கள் விவாதிப்பார்கள், பெண்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டோனும் தோழி அன்டோனெட் பிரவுனும் ஒருமுறை அனுமதி பெற்று வகுப்பில் வாதிட்டார்கள். அடுத்த முறைக்கு ஆசிரியர் குழு தடை விதித்தது. அவர்கள் ஊருக்கு வெளியே காட்டிலும், பிறகு ஊர் எல்லையில் இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் வீட்டிலும் கூடி இரகசியமாக விவாதம் பழகினார்கள். 1847-இல் பட்டமளிப்புக் கட்டுரை எழுத ஸ்டோன் தேர்ந்தெடுக்கப்பட்டார். எழுதலாம், ஆனால் மேடையில் அதை ஓர் ஆண்தான் வாசிப்பார் என்றார்கள். அவர் எழுத மறுத்துவிட்டார். கேட்கும் உரிமையும் எழுதும் உரிமையும் வழங்கப்பட்டு, வாய்விட்டுச் சொல்லும் உரிமை மட்டும் மறுக்கப்பட்டதை அவர் சலுகையாக எண்ணவில்லை. நாட்டின் பெயர்பெற்ற மேடைப் பேச்சாளராகி, 1883-இல் ஓபர்லினின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் அழைக்கப்பட்டுப் பேசினார்.

நியூ ஹேவனில் கதை இன்னும் கடுமையானது. 1831-இல் கறுப்பின இளைஞர்களுக்கென ஒரு கல்லூரி அந்நகரில் தொடங்கும் யோசனை எழுந்தது. அதே செப்டம்பரில் கூடிய நகர்க்கூட்டம் 700-க்கு 4 என்ற வாக்கில் அதை நிராகரித்தது. அப்படியொரு கல்லூரி யேலுக்குக் கேடு என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. சில ஆண்டுகள் கழித்து, மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, கொல்லுவேலை கற்று, தப்பி வந்த ஜேம்ஸ் பென்னிங்டன் யேலின் இறையியல் வகுப்புகளுக்கு வந்தார். மாணவராகப் பதிவு செய்யவில்லை. விரிவுரைகளைக் கேட்கலாம், வாய் திறக்கக்கூடாது, நூலகத்தில் புத்தகம் எடுக்கக்கூடாது. ஒவ்வொரு பையனும் பேசியே தீரவேண்டும் என்று மதிப்பெண் போட்ட வளாகத்தில், பேசவே கூடாது என்ற நிபந்தனையோடு அமர்ந்திருந்தார் அவர்.

அந்த வளாகத்துக்குச் சற்றுத் தொலைவில் 1839-இல் நிகழ்ந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆமிஸ்டாட் கப்பலில் கிளர்ந்தெழுந்த ஆப்பிரிக்கர்கள் நகரின் திடலருகே இருந்த சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் பேசியது எவருக்கும் புரியவில்லை. யேலின் மொழியியலறிஞரும் இயற்பியலாளர் கிப்ஸின் தந்தையுமான மூத்த ஜோசயா வில்லர்ட் கிப்ஸ் அவர்களிடம் உட்கார்ந்து, விரல்களைக் காட்டிக் காட்டி, ஒன்று முதல் பத்து வரை அவர்கள் மொழியில் எண்ணக் கற்றுக்கொண்டார். பிறகு நியூயார்க் துறைமுகத்தில் அந்த எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே திரிந்தார், அதை அறிந்த ஒருவர் திரும்பிப் பார்க்கும்வரை. ஜேம்ஸ் கோவி என்ற மாலுமி திரும்பிப் பார்த்தார். மொழி மெண்டே என்று தெரிந்தது. கோவியின் மொழிபெயர்ப்பில் கைதிகளின் சாட்சியம் நீதிமன்றத்தில் ஒலித்தது. யேலின் இறையியல் மாணவர்கள் சிறைக்குச் சென்று அவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார்கள். 1841 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. எஞ்சியிருந்தவர்கள் அவ்வாண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களை அனுப்பிவைக்க நிதி திரட்டியவர்களில் முன்னின்றவர், அப்போது ஹார்ட்ஃபோர்டில் போதகராக இருந்த பென்னிங்டன். அதன் பொருட்டு அமைந்த யூனியன் மிஷனரி சங்கத்தின் தலைவரும் அவரே.

1849-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பென்னிங்டனுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. தாம் கொல்லுவேலை செய்த அடிமை நாட்களைப் பற்றி அவர் எழுதிய தன்வரலாறும் அதே ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. 1870-இல் இறந்தார். 1874-இல் யேலில் எட்வர்ட் புஷே பட்டம் பெற்று, இரண்டாண்டுகளில் இயற்பியலில் முனைவரும் ஆனார்; நாட்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். எந்தப் பல்கலைக்கழகமும் அவரைப் பேராசிரியராக அமர்த்தவில்லை; பிலடெல்பியாவில் கறுப்பின இளைஞர்களுக்கான பள்ளியொன்றில் இருபத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்தினார். காலை வழிபாட்டைக் கட்டாயமாக்கிய விதியை யேல் 1926-இல் நீக்கியது. பென்னிங்டனுக்கும், அவரைப் போலவே பதிவின்றி அமர்ந்து கேட்ட அலெக்சாண்டர் கிரம்மலுக்கும் 2023-இல், மறைவுக்குப் பின்னரான முதுகலைப் பட்டம் அளித்தது.